புளூகிராஸ் மாலைக்குப் போகிறீர்களா? முதலில் பிடிலைக் கேளுங்கள்

கேள்வி இது: "வட கரோலினாவில் சார்லட்டில் இருக்கிறோம். கூட வேலை பார்க்கும் ஒருவர், வர்ஜீனியா மலையடிவாரத்தில் கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட் என்ற இடத்தில் சனிக்கிழமை மாலை புளூகிராஸும் பழைய மலைப்பாட்டும் நடக்கும், குடும்பத்தோடு வாருங்கள் என்கிறார். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்பேன், கன்ட்ரி மியூசிக் காதில் ஏறியதே இல்லை. அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போய் உட்கார்ந்தால் ஏதாவது புரியுமா? எதைக் கவனிக்க வேண்டும்? குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?"

போங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டே போங்கள். இன்றைக்கு ரேடியோவில் ஓடும் கன்ட்ரி பாட்டை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். இரண்டுக்கும் சொந்தம் உண்டு, ஆனால் பாகம் பிரிந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. நான் சின்ன வயதில் கர்நாடக வயலின் கற்றுக்கொண்டவன், இந்தப் பக்கம் வந்த பிறகு மலைக்காரர்களோடு உட்கார்ந்து பிடில் வாசிக்கப் பழகியவன். அதனால் நம் காதுக்கு எது எங்கே பிடிபடும் என்று ஓரளவு சொல்ல முடியும்.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். முதல் தடவை போகிறவர்கள் பாஞ்சோ என்ற, தோல் கட்டிய ஐந்து தந்திக் கருவியின் வேகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த வேகம் பெரிய வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டால் அரை மணி நேரத்தில் எல்லாப் பாட்டும் ஒன்றுபோலத் தோன்ற ஆரம்பித்துவிடும். அந்த மாலையில் உண்மையில் இரண்டு இசைகள் இருக்கின்றன. ஒன்று மலையிலேயே இருந்தவர்களுடையது, இன்னொன்று மலையை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் உண்டாக்கியது. கருவிகள் கிட்டத்தட்ட அதேதான், மெட்டுகளிலும் பல அதேதான். இந்த இரண்டையும் காது பிரித்துவிட்டால் போதும், மீதியை இசையே சொல்லிக்கொடுத்துவிடும்.

முதலில் பழையது. அங்கே இதை ஓல்ட்-டைம் என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து, இங்கிலாந்துப் பக்கமிருந்து அப்பலாச்சியன் மலைகளில் வந்து குடியேறியவர்கள் பிடிலையும் நீளமான கதைப்பாட்டுகளையும் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்களோடு பாஞ்சோ வந்தது. இந்த இரண்டும் சந்தித்த இடத்தில்தான் இது பிறந்தது. அடிப்படையில் இது ஆட்டத்துக்கான இசை. பிடில் மெட்டை வாசிக்கும், பாஞ்சோ அதே மெட்டைத் தாளத்தோடு பின்னிக்கொண்டு கூடவே ஓடும், கிட்டார் கீழே அடித்துக்கொடுக்கும். ஒருவர் தனியாக வாசித்துக் கைதட்டல் வாங்கும் இடமே கிடையாது. முதல் பகுதி இரண்டு தரம், அடுத்த பகுதி இரண்டு தரம், மறுபடியும் முதலிலிருந்து, இப்படி ஒரே மெட்டைப் பத்துப் பதினைந்து சுற்று எல்லோரும் சேர்ந்தே வாசிப்பார்கள். மூன்றாவது சுற்றில் "என்னடா இது, அதையேதான் வாசிக்கிறார்கள்" என்று உங்களுக்குத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல்தான் உள்ளே நடப்பது கேட்க ஆரம்பிக்கும். பிடில்காரர் ஒரு சுரத்தைப் போன சுற்றை விடக் கால் மாத்திரை முன்னாலேயே பிடித்திருப்பார், பாஞ்சோக்காரர் அதைக் கேட்டு அடுத்த சுற்றில் ஓர் அடியை விட்டுவிடுவார், ஆடுகிறவர்களின் கால் அந்த இடைவெளியில் போய் விழும்.

இந்தப் பழைய பாணியில் பாஞ்சோ வாசிப்பவரின் வலது கையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கை பாதி மூடியிருக்கும். விரலால் தந்தியை மேல்நோக்கிச் சுண்டமாட்டார், நகத்தின் முதுகால் கீழ்நோக்கித் தட்டுவார், கட்டைவிரல் ஐந்தாவது தந்தியில் போய் உட்கார்ந்து எழும். அந்த ஐந்தாவது தந்தி மற்ற நான்கையும் விடக் குட்டை, கழுத்தின் நடுவிலேயே முடிந்துவிடும், விரல் வைத்து அழுத்துவதும் அபூர்வம். ஒரே உச்ச சுரத்தில் விட்டு விட்டு ஒலித்துக்கொண்டே இருக்கும். செனகல், காம்பியா பக்கத்தில் ஜோலா மக்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி வாசிக்கும் அகோன்டிங் என்ற கருவியிலும் இப்படியொரு குட்டைத் தந்தி உண்டு, நகத்தால் கீழ்நோக்கித் தட்டும் அதே கை உண்டு. கடல் தாண்டி வந்தது கருவி மட்டும் இல்லை, கையின் பழக்கமும் சேர்ந்தே வந்திருக்கிறது என்பதை நீங்கள் அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

இப்போது புளூகிராஸ். இதைப் பலர் நூற்றாண்டுகள் பழமையான மலை இசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, இது ரேடியோவும் மைக்கும் வந்த பிறகு பிறந்தது. பில் மன்றோ 1911-இல் கென்டக்கி மாநிலத்தில் ரோசின் என்ற சிற்றூரில் பிறந்தவர், பெற்றோரை இளம் வயதிலேயே இழந்தவர். தாய்மாமன் பென் வாண்டிவர் வீட்டில் கொஞ்ச காலம் இருந்தார். மாமா சுற்றுவட்டாரத்து ஆட்டங்களுக்குப் பிடில் வாசிக்கப் போவார், பையன் பக்கவாத்தியமாகக் கூடவே போவான். அப்புறம் அண்ணன்மார் வேலை பார்த்த இண்டியானாவுக்குப் போய், வைட்டிங் ஊரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் கழுவினார். 1939-இல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. தன் குழுவுக்கு புளூ கிராஸ் பாய்ஸ் என்று பெயர் வைத்திருந்தார், பிற்பாடு அந்தப் பெயரே இந்த இசைக்கு நிலைத்துவிட்டது. 1945 டிசம்பரில் வட கரோலினாவிலிருந்து 21 வயது எர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரலால் பாஞ்சோ வாசித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மன்றோ மாண்டலின், ஸ்க்ரக்ஸ் பாஞ்சோ, லெஸ்டர் பிளாட் கிட்டார், சப்பி வைஸ் பிடில், ஹோவர்ட் வாட்ஸ் பேஸ், அதாவது நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய கீழ் ஸ்தாயித் தந்திக் கருவி. இந்த ஐந்து பேர் சேர்ந்திருந்தது இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம்தான் மேல். 1948-இல் பிளாட்டும் ஸ்க்ரக்ஸும் பிரிந்து போய்விட்டார்கள். ஆனால் இன்றைக்கும் புளூகிராஸ் குழு என்றால் இந்த ஐந்து கருவிகள்தான் கணக்கு.

அந்தக் காலத்தில்தான் மலைக்காரர்கள் வேலை தேடி டெட்ராய்ட், சின்சினாட்டி, பால்டிமோர் என்று ஆயிரக்கணக்கில் இறங்கிப் போனார்கள். சனிக்கிழமை இரவு ரேடியோவில் ஓப்ரி கேட்பதுதான் ஊரோடு இருந்த தொடர்பு. அதனால்தான் பாட்டுக்குப் பாட்டு மலைமேல் இருக்கும் பழைய வீடு, வாசலில் காத்திருக்கும் அம்மா, திரும்பிப் போகும்போது யாரும் இல்லாத முற்றம் என்று வந்துகொண்டே இருக்கும். வார்த்தை அழும், தாளமோ ரயில் வேகத்தில் ஓடும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் புளூகிராஸின் உயிர் என்பது என் எண்ணம். ஊரை விட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தப் பாட்டுகளின் பொருளை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, மேடையில் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? புளூகிராஸில் ஒவ்வொருவராக முன்னால் வருவார்கள். பாடகர் ஒரு சரணம் பாடி முடித்ததும் பிடில் ஒரு சுற்று, மறுபடியும் பாட்டு, அப்புறம் பாஞ்சோ ஒரு சுற்று, அப்புறம் மாண்டலின். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கைதட்டலாம், நம் கச்சேரியில் பல்லவிக்கு நடுவில் தட்டுவது போலத்தான். சில குழுக்கள் பழைய வானொலி முறையில் நடுவில் ஒரே ஒரு மைக்கை நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்படி வாய்த்தால் காதோடு கண்ணையும் திறந்து வையுங்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்க அங்கே பொத்தான் கிடையாது, உடம்புதான். வாசிக்கப் போகிறவர் மைக்கை நோக்கி ஓரடி வைப்பார், முடித்தவர் பக்கவாட்டில் விலகுவார், பிடில்காரர் வில் யார் கண்ணிலும் குத்தாமல் அதை உயர்த்திக்கொண்டு இடையில் நுழைவார், மூன்று பேர் சேர்ந்து பாட வேண்டிய இடத்தில் மூன்று தலையும் ஒன்றாகக் குனியும். அது ஒத்திகை பார்த்த நடனம் இல்லை, வருஷக்கணக்கில் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம்.

ஸ்க்ரக்ஸ் பாணி பாஞ்சோ நம் காதுக்கு ஏன் சட்டென்று பிடிக்கும் என்று சொல்கிறேன். கட்டைவிரலில் பிளாஸ்டிக், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உலோகம், இந்த மூன்று நகங்களை மாட்டிக்கொண்டு மூன்று விரலும் மாறி மாறி ஓடும். எட்டு சுரம் கொண்ட அளவை அவர் நாலு நாலாகப் பிரிப்பதில்லை, மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிப்பார். வாயால் சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக. தகிட தகிட தக. கீழே பேஸ் நேராக ஒன்று, இரண்டு என்று நடந்துகொண்டிருக்கும், மேலே இந்த மும்மூன்று குறுக்கே உருண்டுகொண்டிருக்கும். மிருதங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. உங்கள் குழந்தைகள் மிருதங்கம் படிக்கிறவர்கள் என்றால் பாஞ்சோ தொடங்கியதும் அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மேடையில் மிருதங்கமும் இல்லை, டிரம்மும் இல்லை, பிறகு தாளம் எங்கிருந்து வருகிறது என்றால், மாண்டலினிலிருந்து. நமக்கு மாண்டலின் என்றால் யூ. ஸ்ரீநிவாஸ் வாசித்த ஓடும் கமகம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது பாதி நேரம் தாளக் கருவி. பேஸ் ஒரு அடி வைக்கும், மாண்டலின் அதற்கு எதிரடியில் எல்லாத் தந்திகளையும் ஒரே வீச்சில் தட்டிவிட்டு அதே கணத்தில் விரலைத் தளர்த்தி ஒலியை அறுத்துவிடும். சக், சக் என்று ஒரு வறண்ட சத்தம் மட்டும் நிற்கும். மன்றோ வாசித்தது கிப்சன் இசைக்கருவி நிறுவனத்தில் வடிவமைப்பாளர் லாயிட் லோர் கையெழுத்திட்டு 1923-இல் வெளிவந்த மாண்டலின், மயாமியில் ஒரு முடிதிருத்தும் கடையில் விலைக்குக் கிடைத்தது. 1985-இல் யாரோ அவர் வீட்டுக்குள் புகுந்து அதை இரும்புக் கம்பியால் அடித்துச் சில்லுச் சில்லாக்கிவிட்டுப் போனார்கள். கிப்சனில் இருந்த கைவினைஞர் ஒருவர் மரச்சிலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். மன்றோ மறுபடியும் அதையேதான் வாசித்தார்.

மடியில் படுக்க வைத்து இரும்புத் துண்டால் தந்தியின் மேல் வழுக்கி வாசிக்கும் டோப்ரோ என்ற கிட்டாரையும் பல குழுக்களில் பார்ப்பீர்கள். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அதன் இழைவு உடனே பிடித்துப்போகும்.

நான் முதலில் பிடிலைக் கேளுங்கள் என்று சொன்னதற்கு வருகிறேன். மேற்கத்திய வயலினுக்கு வழக்கமான சுருதி தாழ்ந்த தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, இ. பழைய மலைப் பிடில்காரர்கள் ஏ-வை ஆதாரமாகக் கொண்ட மெட்டுகளை எடுக்கும்போது கீழ்த் தந்திகள் இரண்டையும் ஒரு படி ஏற்றி ஏ, இ, ஏ, இ என்று வைத்துக்கொள்வார்கள். ஏ-வை ஸட்ஜமாக வைத்துப் படித்துப் பாருங்கள்: ஸ, ப, ஸ, ப. கர்நாடக வயலினில் நாம் வைப்பது அச்சாக இதுவேதான். யாரும் யாரிடமிருந்தும் எடுத்துக்கொண்டதில்லை. ஆதார சுருதி அடியில் விடாமல் ஒலித்தால்தான் மெட்டு நிற்கும் என்று நினைத்தவர்கள், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் வில்லை ஒரு தந்தியில் மட்டும் ஓட்டுவது குறைவு, பக்கத்துத் தந்தியையும் சேர்த்தே இழுப்பார்கள், அதனால் தம்புரா கூடவே ஓடுகிற மாதிரி இருக்கும். பழைய ஆட்கள் சிலர் பிடிலைத் தாடைக்குக் கீழே வைக்காமல் மார்பில் சாய்த்து வாசிப்பதையும் பார்க்கலாம். இந்தச் சுருதியில் உட்கார்ந்த பிறகு அடிக்கடி மாற்ற முடியாது என்பதால், ஓல்ட்-டைம் கூட்டம் ஏ-வில் ஆரம்பித்தால் ஒரு மணி நேரமானாலும் ஏ-விலேயேதான் ஓடும். அதற்கு அப்புறம்தான் எல்லோரும் நிறுத்தி, கருவிகளை முறுக்கி, டி-க்குப் போவார்கள்.

சுரங்களும் பல இடத்தில் தெரிந்தவையாக இருக்கும். நிஷாதம் ஒரு படி இறங்கி வரும் பிடில் மெட்டுகள் நிறைய உண்டு, அவற்றில் அரிகாம்போதியின் ஏழு சுரமும் அப்படியே கிடக்கும். அவர்களுடைய கிறிஸ்தவக் கோயில் பாட்டுகளில் பல ஐந்து சுரத்தோடு நின்றுவிடும். அமேசிங் கிரேஸ் எல்லோரும் கேட்டிருப்பீர்கள், ஸ ரி க ப த, மோகனத்தின் சுரங்கள். ராகம் பாடுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை, நடை முற்றிலும் வேறு. ஆனால் காது பயந்து ஒதுங்காமல் உள்ளே நுழைய இது ஒரு வாசல்.

பாடும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் உங்களைத் தள்ளிவிடுவதும் அதுவாகத்தான் இருக்கும். குரல் மூக்கோடு சேர்ந்து, மேல் ஸ்தாயியில், இனிமைக்கு எந்தச் சலுகையும் காட்டாமல் வரும். மன்றோ தன் குரலுக்காகப் பாட்டுகளைப் பி பிளாட், பி என்று ஏற்றிக்கொண்டே போனவர். நடுவில் ஒருவர் மெட்டைப் பாட, அதற்கு மேலே இன்னொருவர், கீழே மூன்றாமவர் என்று நெருக்கமாக நிற்பார்கள். மேலே நிற்கும் அந்தக் குரலைத் தனியாகத் தொடர்ந்து பாருங்கள், பாட்டின் வலி முழுவதும் அதில்தான் இருக்கும். இதன் வேர் கோயில்தான். கிழக்கு கென்டக்கியின் பழைய பாப்டிஸ்ட் சபைகளில் இன்றும் கருவியே இல்லாமல் பாடுகிறார்கள். முன்னால் நிற்பவர் ஒரு வரியை வேகமாகச் சொல்லிக்கொடுப்பார், சபை அந்த வரியை மிக மெதுவாக, ஆளாளுக்கு வளைத்து நெளித்து இழுத்துப் பாடும். வர்ஜீனியாவின் ரால்ப் ஸ்டான்லி அப்படிப்பட்ட சபைச் சூழலில் வளர்ந்தவர், 2016-இல் மறையும்வரை கருவி இல்லாமல் தனியாக நின்று பாடி அரங்கையே அசையாமல் வைத்திருந்தார்.

மாலையில் ஒரு கட்டத்தில் யாராவது ஒருவர் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்று, எந்தக் கருவியும் இல்லாமல், பத்துப் பன்னிரண்டு சரணம் கொண்ட கதைப்பாட்டைப் பாடுவார். அநேகமாகக் கொலைக் கதையாக இருக்கும். 1916-லிருந்து 1918 வரை இங்கிலாந்திலிருந்து செசில் ஷார்ப்பும் மாட் கார்ப்பலஸும் இந்த மலைகளில் நடந்து திரிந்து இப்படிப்பட்ட பாட்டுகளை எழுதிக்கொண்டு போனார்கள். வட கரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்ஸில் ஜேன் ஹிக்ஸ் ஜென்ட்ரி என்ற ஒரே பெண்மணியிடமிருந்து மட்டும் அறுபதுக்கும் மேல் கிடைத்தன. அதில் பல, இங்கிலாந்திலேயே மறைந்துகொண்டிருந்த பாட்டுகள். ஆனால் மலைக்காரர்கள் பழையதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, தங்கள் ஊரில் நடந்ததையும் பாட்டாகக் கட்டினார்கள். நீங்கள் 77-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது ஸ்டேட்ஸ்வில் தாண்டித்தான் போவீர்கள். 1868 மே 1 அன்று டாம் டூலா என்ற இளைஞனைத் தூக்கிலிட்டது அந்த ஊரில்தான். உள்நாட்டுப் போர் முடிந்து வீடு திரும்பியவன், 1866-இல் வில்க்ஸ் கவுன்டியில் லாரா ஃபாஸ்டர் என்ற பெண்ணைக் கொன்றான் என்று வழக்கு. அவனுக்காக வாதாடியவர் முன்னாள் கவர்னர் செபுலான் வான்ஸ். அந்தச் சம்பவம் ஊர்ப்பாட்டாகி, வாய்வழியாக நடந்து, 1958-இல் கிங்ஸ்டன் டிரையோ என்ற பாட்டுக்குழு பாடி உலகம் முழுக்கப் போனது. நம் ஊரில் சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்ற கொலைச்சிந்துப் புத்தகங்களை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வேலையைத்தான் இந்தப் பாட்டுகளும் செய்தன. ஒரு வித்தியாசம் உண்டு. சிந்து பாடுகிறவர் கூட்டத்தை அழவைக்கப் பார்ப்பார். மலைப் பாடகர் முகத்தில் ஒரு சலனமும் காட்டமாட்டார், கத்தி இறங்கும் சரணத்தையும் கதிர் அறுக்கும் சரணத்தையும் ஒரே குரலில் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கேட்கிறவர்தான் தாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். இது வெள்ளைக்கார மலைவாசிகளின் சுத்தமான பரம்பரைச் சொத்து என்ற பேச்சை அங்கேயும் சிலர் வாயில் கேட்பீர்கள். அது சரித்திரம் இல்லை. பாஞ்சோ எங்கிருந்து வந்தது என்று மேலே சொன்னேன். பில் மன்றோவைச் சிறு வயதில் ஆட்டங்களுக்குத் தன்னோடு வாசிக்கக் கூட்டிப்போன இன்னொருவர் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ், கென்டக்கியின் கறுப்பின கிட்டார், பிடில் கலைஞர், 1931-இல் இறந்தார், ஓர் ஒலிப்பதிவுகூட இல்லை. நீங்கள் போகும் இடத்துக்குப் பெயர் கொடுத்த கார்ட்டர் குடும்பம் ஒரு பாட்டுக்குழு. அதற்காகப் பாட்டுகளைத் தேடி மலை மலையாகப் போன ஏ.பி. கார்ட்டரோடு கூடவே போனவர் லெஸ்லி ரிடில். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்த கறுப்பின கிட்டார் கலைஞர். ஒரு வீட்டில் யாராவது பாடினால் ஏ.பி. வார்த்தைகளை எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனத்தில் ஏற்றிக்கொண்டு வருவார். இசைத்தட்டுகளில் அவர் பெயர் வரவில்லை. 2005-இல் தொடங்கிய கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவின் இளைஞர்கள், மெபேன் ஊரின் ஜோ தாம்ப்சன் என்ற முதிய கறுப்பினப் பிடில்காரரிடம் போய் உட்கார்ந்து கற்று, 2011-இல் கிராமி வாங்கியபோதுதான் பலருக்கு இந்தப் பக்கம் கண் திறந்தது. பாடகியும் பாஞ்சோ கலைஞருமான ரியானன் கிடன்ஸ் அந்தக் குழுவிலிருந்து வந்தவர்தான்.

இனி நீங்கள் போகும் இடம். கிளின்ச் மலையின் அடிவாரத்தில் ஹில்டன்ஸ் ஊருக்குப் பக்கத்தில், கார்ட்டர் குடும்பத்தின் சொந்த மண். 1927 ஆகஸ்டில் ஏ.பி., மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் மூவரும் பக்கத்து பிரிஸ்டலுக்கு வண்டி பிடித்துப் போய் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனியின் ரால்ப் பியர் முன்னால் பாடிப் பதிந்தார்கள், பாட்டுக்கு 50 டாலர். மேபெலுக்கு அப்போது 18 வயது, நிறைமாதம் நெருங்கிய கர்ப்பிணி. கட்டைவிரலால் கீழ்த் தந்திகளில் மெட்டையும், அதே கையின் மற்ற விரலால் மேல் தந்திகளில் தாளத்தையும் அவர் வாசித்த முறைதான் இன்றுவரை கிட்டார் பழகுகிறவர்களுக்கு அரிச்சுவடி. ஏ.பி. 1960-இல் இறக்கும் முன், இந்த இசையை விட்டுவிடாதே என்று மகள் ஜேனட்டிடம் கேட்டுக்கொண்டார். ஜேனட் 1974-இல் அப்பாவின் பழைய மளிகைக் கடையிலேயே வாராந்திரப் பாட்டைத் தொடங்கி, கூட்டம் கொள்ளாமல் போனதும் பக்கத்தில் கொட்டகை எழுப்பினார். அவர் 2006-இல் போய்விட்டார், அடுத்த தலைமுறை நடத்துகிறது. மேபெலின் மகள் ஜூன் கார்ட்டரைக் கட்டிக்கொண்ட ஜானி கேஷ், அதாவது அந்த வீட்டு மருமகன், கடைசியாகப் பொதுமக்கள் முன் பாடியது இந்த மேடையில்தான், 2003 ஜூலை 5. ஜூன் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பரில் அவரும் போய்விட்டார்.

சனிக்கிழமை பாட்டு ஏழரை மணிக்கு. ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டால் அந்த மளிகைக் கடை அருங்காட்சியகத்தையும் ஏ.பி. பிறந்த மரவீட்டையும் பார்க்கலாம். மதுவுக்கு இடமில்லை, மின்சாரக் கருவிகளுக்கும் இடமில்லை. மேடைக்கு நேர் முன்னால் காலியாக இருக்கும் இடத்தில் நாற்காலியைப் போட்டுவிடாதீர்கள், அது ஆடுகிறவர்களுடையது. பிடில் எடுத்ததும் கிழவர்களும் பேரக்குழந்தைகளும் ஒன்றாக இறங்குவார்கள். குதிகாலிலும் முன்பாதத்திலும் உலோகத் தகடு அடித்த செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். நல்ல ஆட்டக்காரரின் இடுப்புக்கு மேல் ஒன்றுமே அசையாது, பாதம் தரையை விட்டு ஓரங்குலம்கூட எழாது, ஆனால் அதற்குள் முழு ஜதியும் நடந்து முடிந்திருக்கும். குழந்தைகள் இறங்கி ஆட ஆசைப்பட்டால் தாராளமாக விடுங்கள், யாராவது ஒரு பாட்டியம்மா கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பார். சாப்பாடு சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கத்தில் சோள ரொட்டியோடு கொடுக்கும் பீன்ஸ் பார்க்க நம் பருப்பு மாதிரி சாதுவாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டுத்தான் வேகவைப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். இரவில் அடிவாரம் குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

போகிற வழியில் மவுன்ட் ஏரி பக்கம் வரும்போது ரேடியோவில் ஏ.எம். 740 திருப்புங்கள். டபிள்யூபிஏக்யூ, 1948-லிருந்து இந்த இசையையே போட்டுக்கொண்டிருக்கும் நிலையம், சனிக்கிழமை நண்பகலை ஒட்டி நேரடி நிகழ்ச்சியும் உண்டு. அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் டாமி ஜாரல் இருந்தார். நெடுஞ்சாலைத் துறையில் ரோடு சமன்படுத்தும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்த பிறகு பிடிலைத் திரும்ப எடுத்தார். எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள், யாரையும் திருப்பி அனுப்பவில்லை, சமைத்துப் போட்டுத் தங்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1982-இல் அமெரிக்க அரசு முதன்முதலாக நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தேசிய விருது கொடுத்தபோது பில் மன்றோவுக்கும் கொடுத்தார்கள், டாமி ஜாரலுக்கும் கொடுத்தார்கள். நான் மேலே பிரித்துச் சொன்ன இரண்டு இசைக்கும் ஆளுக்கொருவர்.

பிடித்துப்போனால் அடுத்து ஒரு வெள்ளிக்கிழமை ஃபிளாய்டு ஊருக்குப் போங்கள், அங்கே பலசரக்குக் கடைக்குள்ளேயே முதலில் கோயில் பாட்டும் பிறகு ஆட்டமும் நடக்கும், கோடையில் கடைக்கு வெளியே தெரு முழுக்க ஆங்காங்கே வட்டம் போட்டு வாசித்துக்கொண்டிருப்பார்கள். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் கேலக்ஸில் பிடில்காரர்கள் மாநாடு, 1935-லிருந்து நடக்கிறது. மேடையில் போட்டி நடக்கும், ஆனால் நல்ல வாசிப்பு பின்னால் வண்டிகளுக்கும் கூடாரங்களுக்கும் நடுவில்தான். வட்டத்துக்குள் இருக்கும் காலி நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள், அது வாசிக்க வருகிறவருக்கு. வெளியே நின்று எவ்வளவு நேரமானாலும் கேட்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எப்போது முடிப்பார்கள் என்று தெரியாமல் முழித்தால், மெட்டை ஆரம்பித்தவரின் காலைப் பாருங்கள். கடைசிச் சுற்று வந்ததும் வாசித்துக்கொண்டே ஒரு காலை முன்னால் தூக்குவார். அத்தனை பேரும் ஒரே அடியில் நிறுத்துவார்கள்.